கருமுட்டையின் விழிப்பு

மக்கட்பேறு வேண்டிக் காத்திருக்கும் இல்லங்களில், ‘ஆன்டிஆக்சிடன்ட்’ மாத்திரை உண்டால் கருமுட்டை வலுப்பெறும் என்று உற்றாரும் அயலாரும் கூறக் கேட்கிறோம். இதில் உண்மை எவ்வளவு?

பெண் சிசு தாய் வயிற்றில் இருக்கும்போதே தோன்றும் கருமுட்டைகள், பாதி வளர்ச்சியில் உறங்கிவிடுகின்றன. பருவமெய்திய பின், ஹார்மோனின் அழைப்பினால் விழித்து முதிர்கின்றன. சூலகத்தினின்று பிரித்த முயல் முட்டை அவ்வழைப்பின்றியும் விழிப்பதை 1935-இல் பிங்கஸ், என்ஸ்மான் என்னும் அறிஞர் கண்டனர்.

ஆய்வுக்கூடத்துக் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 20 சதவீதம். சூலகத்தினுள் அதனினும் குறைவு. மிகுதியான பிராணவாயுவினால் பிறக்கும் தீவிரப் பொருள்கள் முட்டையைச் சிதைக்கக்கூடும். 1995-இல் பசுவின் முட்டைகளுக்குச் சிஸ்டியமின் சேர்த்தபோது, குளூட்டதயோன் என்னும் காப்புப்பொருள் பெருகி, கருக்கள் நன்கு வளர்ந்தன.

ஆயின், 1999-இல் எலியின் முட்டைகளைச் சில ஆன்டிஆக்சிடன்ட்கள் விழிக்கவே விடவில்லை. அகற்றியபின் அவை விழித்தன. 2011-இல் சுண்டெலிகளின் சூலகத்தருகே செலுத்தியபோது, முட்டை வெளிப்படுவதே குறைந்தது. சிதைக்கும் அப்பொருளே சிறிதளவில் விழிப்பூட்டும் தூதும் ஆகும் போலும்!

விளக்கு எரியவும் நெருப்பே வேண்டும். வீட்டை எரிப்பதும் அதுவே. இவை விலங்குகளில் கண்டவை. மானிடர்க்கு அப்படியே பொருந்தும் என்பதற்கில்லை. எனினும், பலன் மருந்தையும் அளவையும் வேளையையும் பொறுத்தது என்பது தெளிவு. ஆதலின், பிறர் சொற்கேட்டு மாத்திரை வாங்காது, மருத்துவரைக் கலந்து நடத்தலே தம்பதியர்க்கு நலம்.