பிசியோதெரபிக்கான மரக் கருவிகள்

பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தில் மரத்தாலான எளிய பயிற்சிக் கருவிகள் பலவாகப் பயன்படுகின்றன. சென்னையின் தென்புறத்தில் முட்டுக்காட்டில் 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் இச்சிகிச்சை கிடைக்கிறது. எனினும், கற்ற பயிற்சியை வீட்டிலும் தொடர்ந்தால்தான் பலன் நிலைக்கும். தாம்பரம் போன்ற பகுதிகளிலிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்றுவர இயலாத குடும்பங்களுக்கு, அருகிலுள்ள தச்சர் செய்துதரும் கருவி உதவும்.

முக்கிய வகைகள்

விரல் ஏணி: சுவரில் செங்குத்தாகப் பொருத்தப்படும், வெட்டுப்படிகள் உள்ள பலகை. விரல்களைப் படிப்படியாக மேலேற்றினால் இறுகிய தோள் மெல்ல உயரும். படிகளுக்கு எண் இட்டால் முன்னேற்றம் தெரியும்.

சமநிலைப் பலகை: வட்டமான பிளைவுட் பலகையின் அடியில் அரைக்கோளக் கட்டை பொருத்தியது. சுளுக்கு ஆறிய கணுக்காலுக்கு வலுவூட்டும்.

தாங்கு நாற்காலி: பெருமூளை வாதத்தால் தானாக உட்கார இயலாத குழந்தைக்கு உரியது.

அளவே முதன்மை

மரத்தைவிட அளவே முக்கியம். நாற்காலியின் இருக்கை, தொடையின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். மிகுந்தால் குழந்தை முன்னோக்கிச் சரிந்து, முதுகு வளையும். பாதங்கள் தொங்காமல் பலகையில் பதிய வேண்டும். எனவே பிசியோதெரபிஸ்ட் குறித்துத் தரும் அளவுப்படியே தச்சர் செய்ய வேண்டும். பிறர் பயன்படுத்திய நாற்காலியை அப்படியே கொடுக்கக் கூடாது. குழந்தை வளர்வதால், கால்பலகையைப் பல துளைகளிட்டு போல்ட்டால் பொருத்தினால் இறக்கிக்கொள்ளலாம். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த தோலில் சிராய் ஏறினாலும் வலி தெரியாது.