காயில் கடையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம்

கோவையில் பம்ப்செட் தொழில் செய்பவர்களுக்குப் பெரிய வாத்தியார் கிராமத்துக் கரண்ட்தான். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில், கோடையில் 300 வந்தாலே அதிர்ஷ்டம். வோல்டேஜ் பாதியாகக் குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை கால் பங்காகிவிடும். ஆனாலும் தண்ணீரை ஏற்றியாக வேண்டுமே! மோட்டார் அதிகக் கரண்டை இழுக்கும், சூடாகும், கடைசியில் காயில் எரியும்.

நான் ஒரு நடுத்தர பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஆராய்ச்சி பெரும்பாலும் தொடங்குவது காயில் கட்டும் கடைகளில். எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். மூன்று பேஸ் சுருள்களும் ஒரே மாதிரி கருகியிருந்தால் லோ வோல்டேஜ் அல்லது அதிகச் சுமை. சில சுருள்கள் மட்டும் கருகி, மற்றவை புதுசு போல இருந்தால் ஒரு பேஸ் போன பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது. "ஏனுங்க, உங்க மோட்டாருதான் எங்கடைல நெறைய நிக்குது" என்று அன்னூர்ப் பக்கம் ஒரு கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். எந்த ஆய்வறிக்கையும் அவ்வளவு பச்சையாகச் சொல்லாது.

பிறகு வேலை டெஸ்ட் பெட்டுக்கு வரும். வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்து, முழுச் சுமையில் ஓடவிடுவோம். ஓடும்முன் குளிர்ந்த காயிலின் மின்தடையை அளப்போம். நிறுத்தியதும் மறுபடி அளப்போம். தடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கொண்டு உள்ளே எவ்வளவு சூடு ஏறியது என்று கணக்கிடலாம். சுருளில் சுற்றுகளை மாற்றுவது, செம்பைக் கூட்டுவது, ரோட்டரில் அலுமினியத்துக்குப் பதில் செம்புக் கம்பி போடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் விலை ஏறும். விவசாயி தாங்குவாரா என்பதும் சோதனையில் ஒரு பகுதிதான்.

இப்படிச் சொந்தமாகச் செய்து பார்ப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் 1937-லேயே இங்கே மின்மோட்டார் செய்து காட்டியவர்கள்.

இருந்தும் 2020-ஐ ஒட்டிய கணக்கில் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். அதே காலத்தில் சீனா 2.4 சதவீதத்தை எட்டியது. தென்கொரியா 4 சதவீதத்தைத் தாண்டியது. சீனாவில் அந்தச் செலவில் முக்கால் பங்கு கம்பெனிகளுடையது. இங்கே தனியார் போடுவது பாதிகூட இல்லை.

எங்களைப் போன்ற பட்டறைகளின் வேலை இந்தக் கணக்கில் பெரும்பாலும் ஏறுவதில்லை. கம்பெனிக்குள் இயங்கும் ஆராய்ச்சிப் பிரிவுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் வேண்டுமென்றால் தனி இடம், தனி ஆட்கள், தனிக் கணக்கு காட்ட வேண்டும். காலையில் டிசைன் போட்டு, மதியம் டெஸ்ட் பார்த்து, சாயங்காலம் புகார் கேட்கும் ஒரே ஆளை எந்தக் கணக்கில் எழுதுவது? அப்படி அங்கீகாரம் பெற்ற கம்பெனிகளுக்கு ஒரு காலத்தில் செலவைப் போல இரு மடங்கு வரிக்கழிவு கிடைத்தது. 2017-ல் அது ஒன்றரை மடங்காகி, 2020-ல் செலவு செய்த அளவுக்கே நின்றுவிட்டது.

அரசை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. நாம் கண்டுபிடிப்பதை எழுதி வைப்பதில்லை. அனுபவசாலி ஃபோர்மேன் ஓய்வு பெற்றால் பாதி அறிவு அவரோடு போய்விடுகிறது. எழுதினால் பக்கத்துப் பட்டறைக்காரன் காப்பியடிப்பான் என்று பயம். ஆனால், எழுதாததற்குக் காப்புரிமையும் கேட்க முடியாது. சொந்தமாக டெஸ்ட் வசதி இல்லாதவர்களுக்காகத் தொழில்முனைவோர் சங்கமே கோவையில் 'சிடார்க்' என்ற பொதுச் சோதனை மையத்தை அமைத்திருக்கிறது. சர்டிபிகேட் வாங்க மட்டுமே அங்கே போகிறவர்கள் புது டிசைனைச் சோதிக்கவும் போக வேண்டும்.

பட்டறை முதலாளிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: எரிந்து திரும்பி வரும் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எங்கே எரிந்தது, ஏன் எரிந்தது, எதை மாற்றினோம் என்று தேதி போட்டு எழுதுங்கள். ஆராய்ச்சிப் பிரிவுக்கு முதல் முதலீடு அந்த நோட்டுதான்.