டீ குடிச்சா போதுமா ஸார்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. தி.நகர் சோமசுந்தரம் மைதானம். ஒரே மைதானத்தில் ஏழெட்டு மேட்ச்! யார் அடித்த பந்து யார் கைக்குப் போகிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பேங்க் நண்பர் பைக்கை ஸ்டாண்ட் போட்டார். டீயை உறிஞ்சினார். பந்தை வாங்கிக்கொண்டு பின்னால் போய், புயல் மாதிரி ஓடி வந்தார். மூன்றாவது பந்தில் 'டப்'பென்று ஒரு சத்தம்.

"எவன்டா பின்னாலேர்ந்து உதைச்சது?"

அம்பயர் நாலடி தள்ளி நின்றார், பாவம். யாரும் உதைக்கவில்லை. அறுந்தது, குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண். (குதிகால் நரம்பு என்று நாம் சொல்வது இதைத்தான். உண்மையில் அது நரம்பே இல்லை!) இது அறுந்தவர்கள் பலரும் 'யாரோ உதைச்ச மாதிரி இருந்துது' என்றுதான் சொல்வார்கள். வாரம் பூரா நாற்காலி, ஞாயிறு மட்டும் மைதானம் என்று இருக்கிற முப்பது, நாற்பது வயசு ஆண்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

"விளையாடறதுக்கு முன்னாடி உடம்பை சூடு பண்ணிக்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"டீ குடிச்சேன் டாக்டர்!"

ஆபரேஷன், கட்டு, பிசியோதெரபி... அவர் மறுபடி ஓட ஒன்பது மாதம் ஆயிற்று.

வார்ம்-அப் செய்திருந்தால் அறுந்தே இருக்காது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். ஆனால் அடிபடும் வாய்ப்பு குறையும் என்பதற்கு சாட்சி இருக்கிறது. கால்பந்து வீரர்களுக்காக 2006-ல் ஃபிஃபா ஒரு இருபது நிமிட வார்ம்-அப் முறையைக் கொண்டு வந்தது. நார்வேயில் கால்பந்து ஆடும் டீன்-ஏஜ் பெண்களிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. செய்தவர்களுக்குக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு!

'சென்னை வெயில்ல இதுக்கு மேல என்ன ஸார் சூடு?' என்பீர்கள். தோல் காய்வது வேறு, தசை சூடாவது வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. மூச்சிரைக்க ஓடும்போது ஐந்தில் நாலு பங்கு வேண்டும். அந்தக் குழாய்கள் திறக்கச் சில நிமிஷம் அவகாசம் கொடுக்க வேண்டாமா? தசை சூடானால் விறைப்பு தளரும், ஆக்சிஜன் சுலபமாகக் கிடைக்கும், நரம்பு வழியாகக் கட்டளையும் வேகமாகப் போகும். கச்சேரியில்கூட வித்வான்கள் எடுத்த எடுப்பிலேயே ராகம் தானம் பல்லவிக்குப் பாய்வதில்லை. முதலில் ஒரு வர்ணம். குரல் பதமாக வேண்டுமே!

ஸ்கூல் டிரில் மாஸ்டர் சொன்னபடி, குனிந்து கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பவர்கள் உண்டு. அது வார்ம்-அப் ஆகாது. ஒரு நிமிஷத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் தசையின் பலம் கொஞ்ச நேரத்துக்குக் குறையவே செய்கிறது. அதை ஆட்டம் முடிந்து சாவகாசமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐந்து நிமிஷம் வேக நடை, அப்புறம் மெல்லோட்டம். பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட வரக் கூடாது. லேசாக வியர்த்ததும் முட்டியைத் தூக்கி நடை, கை சுழற்றல், அரை பஸ்கி. பிறகு பாதி வேகத்தில் இரண்டு ஓட்டம், முக்கால் வேகத்தில் ஒன்று. பவுலரானால் நாலைந்து பந்து சும்மா மெதுவாகப் போட்டுப் பார்க்கலாம். ஆக மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். டாஸ் போடுவதற்கே நம்ம ஆட்கள் அதைவிட அதிக நேரம் சண்டை போடுகிறார்கள்!

ஆறாம் நம்பர் பேட்ஸ்மேன்கள் கவனிக்க: காலையில் ஓடிவிட்டு, அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்து சுண்டல் கொறித்தால் ஏறின சூடெல்லாம் இறங்கிவிடும். பேடு கட்டுவதற்கு முன் எழுந்து இன்னொரு ரவுண்டு போக வேண்டியதுதான். இன்னொன்று, நடக்கும்போதே நெஞ்சில் அழுத்தம் என்றால் ஆட்டமும் வேண்டாம், வார்ம்-அப்பும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிதான்.

நண்பர் இப்போது டீமுக்கே டிரில் மாஸ்டர். மைதானத்தை இரண்டு சுற்று சுற்றாதவனுக்கு பந்து தர மாட்டேன் என்கிறார். போன வாரம் எதிர் டீம் ஆசாமி ஒருவர், "என்ன ஸார், ஒலிம்பிக்ஸா?" என்று சிரித்தார். நண்பர் பதில் பேசவில்லை. பேன்ட்டை மடித்து, குதிகாலுக்கு மேலே இருந்த தழும்பைக் காட்டினார்.

ஆசாமியும் கூடவே ஓட ஆரம்பித்துவிட்டார்!