நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி கைமாறும்போது

விருத்தாசலம் என்றால் செராமிக். அதற்கென்று ஒரு தொழிற்பேட்டை, அரசு நடத்தும் டிப்ளமோ கல்வி நிலையம், அகல் விளக்கிலிருந்து ஃபியூஸ் கேரியர் வரை சூளையில் வெந்து வரும் சாமான்கள் என்று களிமண்ணோடு பழகிய ஊர் அது. களிமண்ணின் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் தங்குவதால்தான் பிசைந்த மண் கை சொன்னபடி வளைகிறது. அதே மண் ஒரு ஜீப்பின் அடியில், சேஸிஸின் பெட்டிச் சட்டத்துக்குள் புகுந்து அப்பிக்கொண்டால், மழை விட்டுப் பல நாள் ஆனாலும் ஈரம் காயாது. மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே இரும்பு அரிக்கும்.

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைப் புரோக்கர் இல்லாமல் நேராக விற்க நினைப்பவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அந்த அடிப்பாகம். விவரம் தெரிந்த பார்ட்டி வந்தால் அவரும் அங்கேதான் குனிவார்.

இந்த வகை வண்டி இரண்டாம் உலகப் போரில் பெயர் வாங்கியது. 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் ஜீப்பை, 1947இல் பம்பாயில் மஹிந்திரா பூட்டத் தொடங்கியது. பிறகு எம்எம் 540, மேஜர் என்று பல வடிவங்கள், 1985இல் மாருதி ஜிப்ஸி, 2010இல் மஹிந்திரா தார், 2020இல் புதிய தார். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் கரடுமுரடான பாதையில் இன்றும் ஜீப்புகள்தான் ஆட்களை ஏற்றிப் போகின்றன.

ஆனால் ஜீப் போல இருப்பதெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் அல்ல. மஹிந்திராவின் பழைய ஜீப்புகளில் பல, பின்சக்கரம் மட்டும் இழுப்பவை. 2023இல் தாரிலேயே அப்படி ஒரு வகை வந்துவிட்டது. முன்சக்கரங்களுக்கு நடுவே இன்னொரு டிஃபரன்ஷியல் இருக்கிறதா, அதற்கு ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட் போகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். விலை பேசத் தொடங்குவதற்கு முன்பே விற்பவர் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு பெட்டி உண்டு. இன்ஜினின் விசையை முன்னும் பின்னுமாகப் பிரித்து அனுப்புவது அதன் வேலை. டிரைவர் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது லீவர் இதற்குத்தான். 2எச்-இல் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். 4எச்-இல் நாலும் இழுக்கும். 4எல் போட்டால் வேகம் குறைந்து, இழுவை புதிய தாரில் ஏறக்குறைய இரண்டரை மடங்காகக் கூடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 4எச் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. வளைவில் திரும்பும்போதோ முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போட வேண்டும். மணலில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க வழியில்லை. முறுக்கம் முழுவதும் பல்சக்கரங்களின் மேல் ஏறும். தார் ரோட்டிலேயே 4எச்-இல் ஓட்டிப் பழகிய வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்திருக்கும், ஷாஃப்ட் மூட்டிலுள்ள கிராஸ் ஆட்டம் கண்டிருக்கும். நாலு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் பிடிவாதமாகச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

அதனால் டெஸ்ட் டிரைவை ஜங்ஷன் ரோட்டில் ஒரு சுற்றோடு முடித்தால் போதாது. விருத்தாசலத்தைச் சுற்றி முந்திரித் தோப்புகளுக்குக் குறையில்லை. தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மணல் தடத்தில் 4எச் போட்டு ஓட்டிக் காட்டலாம். முன்சக்கரமும் மண்ணை வாரி அடிக்கிறதா என்று வாங்குபவர் வெளியே நின்று பார்க்கட்டும்.

இன்னொன்று டிஃபரன்ஷியல் ஆயில். ஓடிச் சூடான ஆக்ஸில் வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால், சுருங்கிய காற்று ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மெக்கானிக் பிளக்கைக் கழற்றும்போது ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். விற்பவரே பிளக்கைத் திறந்து காட்டினால் பேரத்தில் பாதி சண்டை குறையும்.

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது அவர் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலை கட்டாது என்று நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகிவிடுவார் என்றார். இந்தத் துறை ஆய்வுக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாதாரண காரைவிட ஃபோர் வீல் டிரைவில் கண்ணுக்கு மறைந்த பாகங்கள் அதிகம். ஆகவே சர்வீஸ் பில்களை எடுத்து வைப்பதும், அடிப்பாகத்தைக் கழுவிக் காட்டுவதும், குறையைச் சொல்லி விலையைக் குறைப்பதும் விற்பவருக்கே லாபம்.

பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், முன்னால் இரும்பு பம்பர் என்று ஆசைப்பட்டு மாட்டியவை விலையைக் கூட்டும் என்று பலர் நம்புகிறார்கள். பெயர் மாற்றும்போது அவையே தடையாகலாம். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கழற்றி வைத்த பழைய பாகங்கள் பரணில் இருந்தால் திரும்ப மாட்டிவிட்டு விற்பதே நல்லது.

அடுத்தது பேப்பர். ஆர்.சி.யில் உள்ள எண்ணும் சேஸிஸில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். துரு தின்ற சட்டத்தில் அந்த எண்ணே படிக்க முடியாமல் போயிருக்கும். கடன் முடிந்திருந்தாலும் ஃபைனான்ஸ் பெயர் ஆர்.சி.யில் அப்படியே நிற்கும். வங்கியின் என்.ஓ.சி.யோடு படிவம் 35 கொடுத்து எச்.பி. என்னும் அந்தக் கடன் பதிவைக் கேன்சல் செய்தாக வேண்டும். 15 ஆண்டு தாண்டிய வண்டியானால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்பது முதல் கேள்வியாக வரும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது.

பெயர் மாற்றத்துக்கு விற்பவர் தருவது படிவம் 29, வாங்குபவர் விண்ணப்பிப்பது படிவம் 30. மாநிலத்துக்குள் விற்றால், விற்பவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 50ஆவது பிரிவு. நடைமுறையில் நடப்பது வேறு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வண்டி இரண்டு மூன்று கை மாறும், ஆர்.சி.யில் பழைய பெயரே இருக்கும்.

இதன் விளைவை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் பார்க்கலாம். 2007இல் விற்கப்பட்ட ஒரு கார் பெயர் மாறாமலே பல கை போனது. 2009இல் விபத்து நடந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. நாளும் நேரமும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் தேவைதான். ஆனால் விபத்தில் அடிபட்டவருக்கு முன்னால் அது விற்றவரைக் காப்பாற்றாது. அதனால் பாக்கித் தொகையில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டாவது, வாங்குபவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்ப் பெயர் மாற்ற விண்ணப்பத்தை முடித்துவிடுவது விற்பவருக்கு மேல்.

கடைசியாக, ஃபாஸ்டேகை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்தவர் ஓட்டும் வண்டிக்கு விற்றவர் கணக்கில் டோல் போகும். இன்ஷூரன்ஸில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதமாக வாங்கி வைத்தால் மூன்று ஆண்டுகள் வரை செல்லும். அடுத்து வாங்கும் வண்டியின் சேதக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும்.