குழந்தைத் தொழிலாளர்கள் 43 லட்சமா, 1 கோடியா? ஒரே கணக்கெடுப்பில் 2 நம்பர் வந்தது எப்படி?

இந்தியாவில் 5 முதல் 14 வயதுக்குள் வேலை பார்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகை கணக்கெடுப்பில் 43.5 லட்சம்னும் இருக்கு, 1.01 கோடின்னும் இருக்கு. இரண்டுமே சரிதான்!

வருஷத்தில் 6 மாசமோ அதுக்கு மேலயோ வேலை பார்த்தவங்க மட்டும் 43.5 லட்சம். லீவு நாள், அறுவடை சீசன்னு அதைவிடக் குறைவா வேலைக்குப் போன பிள்ளைகளையும் சேர்த்தால் கோடியைத் தாண்டும். நாடாளுமன்றத்தில் தொழிலாளர் அமைச்சகம் பலமுறை சொன்னது சின்ன நம்பரைத்தான்.

பல நாடுகளில் யூனிசெஃப் உதவியோடு நடக்கும் வீட்டு சர்வேயில் கேள்வியே வேற. "பையன் வேலைக்குப் போறானா?"ன்னு கேட்டால் பெற்றோர் "இல்லை" என்பார்கள். அதனால், போன வாரம் தோட்டத்தில், கடையில் எத்தனை மணி நேரம் உதவினான் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். 5-11 வயதுக்கு வாரம் 1 மணி நேரமே குழந்தை உழைப்புக் கணக்கில் சேரும். 12-14 வயதுக்கு 14 மணி நேரம். தண்ணீர் தூக்குவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது போன்ற வீட்டு வேலைக்குத் தனிக் கணக்கு. அதைச் சேர்த்தால்தான் பெண் பிள்ளைகளின் உழைப்பு வெளியே தெரியும்.

ஆனாலும் ஓட்டை உண்டு. ஊரை விட்டு வந்து ஓட்டலிலேயே தங்கி டேபிள் துடைக்கும் பையன், எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் சிக்கமாட்டான்.

இந்தியாவில் அடுத்த மக்கள்தொகை கணக்கெடுப்பு 2027-ல். 2011-ல் 10 வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது 26 வயது.