மழை விட்டதும் நாயோடு ஒரு நடை

பனி பெய்யும் நாடுகளில் நாய் வளர்ப்பவர்களுக்கு டிசம்பர் வந்தால் ஒரு கவலை வந்துவிடும். இந்தக் குளிரில் நாயை எப்படி வெளியே கூட்டிப் போவது? கம்பளிச் சட்டை போடுவார்கள். பாதம் விறைக்காமல் இருக்கச் சிறு காலணிகூட மாட்டிவிடுவார்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பனி ஏது? நமக்குக் குளிர்காலம் என்றால் அது மழைக்காலம்தான். மூன்று மணிக்கு வானம் கறுக்கும், நான்கு மணிக்கு இடி இடிக்கும், ஐந்து மணிக்கு லோங்காங் நிரம்பி ஓடும். கம்போங் மேடானில் இருந்தாலும் கிள்ளானில் இருந்தாலும் இதே கதைதான். வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் நாய்க்கோ இதெல்லாம் புரியாது. அதற்கு மாலை நடை வேண்டும்.

மழைக்காலத்தில் நாயை வெளியே கூட்டிப் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால், எப்போது, எந்த வழியாக என்பதை அறிவியலிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

வெயிலை விட மழை மேல்

நம்மைப் போல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. அது வியர்வையால் உடலைக் குளிர்விப்பது பாதங்களில் மட்டும்தான். அதுவும் மிகக் குறைவு. பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே அது உடல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. வாயிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் இந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். நம் ஊரில் வெப்பமும் அதிகம், ஈரப்பதமும் அதிகம். அதனால்தான் பிற்பகல் வெயிலில் கொஞ்ச தூரம் ஓடிய நாய்கூட அப்படி இரைக்கிறது. போதாததற்குத் தார்ச்சாலையும் பாதத்தைச் சுடும்.

ஒரு நல்ல இடிமழை பெய்தால் நிலைமை மாறிவிடும். மழைத்துளிகள் விழும் வழியில் ஒரு பகுதி ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது மேகத்திலிருந்து கீழே இறங்கி வரும். மழைக்கு முன் திடீரென்று வீசும் சில்லென்ற காற்று இதுதான். 33 பாகை செல்சியசில் இருந்த வெப்பநிலை அரை மணி நேரத்தில் 24 அல்லது 25 பாகைக்கு இறங்கிவிடலாம். சாலையும் ஆறிவிடும். நாய்க்கு இதைவிட நல்ல நேரம் வேறு இல்லை.

ஒரு சிலுப்பில் இத்தனை இயற்பியலா?

நனைந்த நாய் முதலில் செய்யும் வேலை உடலைச் சிலுப்புவதுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆண்ட்ரூ டிக்கர்சன், டேவிட் ஹூ குழுவினர் இதை அதிவேகக் கேமராவில் பதிவு செய்து, 2012-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். சுண்டெலி முதல் கரடி வரை 33 விலங்குகளை அவர்கள் படம் பிடித்தார்கள். சுண்டெலி விநாடிக்கு ஏறக்குறைய 30 முறை சிலுப்புகிறது. லாப்ரடார் நாய் 4 முறைக்குச் சற்று மேல். கரடி ஏறக்குறைய 4 முறை. விலங்கு சிறியதாக இருந்தால் வேகம் கூடும். ஏன் தெரியுமா? மயிரில் ஒட்டியிருக்கும் நீரை விடுவிக்க மையவிலக்கு விசை தேவை. உடலின் ஆரம் சிறியதாக இருந்தால் அதே விசையைப் பெற வேகமாகச் சுழல வேண்டும். நாயின் தோல் தளர்வாக இருப்பதும் காரணத்தோடுதான். முதுகெலும்பு திரும்பும் அளவைவிடத் தோல் அதிகத் தூரம் சுழன்று, நீரைச் சாட்டைபோல் வீசிவிடுகிறது.

இதனால் நாய்க்கு என்ன இலாபம்? ஒரு கணக்குப் போடுவோம். 27 கிலோ எடையுள்ள நாயின் மயிரில் அரை கிலோ நீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். உடல் வெப்பத்தாலேயே 1 கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். அரை கிலோவுக்கு 1,200 கிலோஜூல்; அதாவது சுமார் 290 கிலோகலோரி. அந்த நாய் ஒரு நாளில் உண்ணும் உணவின் ஆற்றலில் இது ஏறக்குறைய கால் பங்கு! நீங்கள் பாடத்தில் படிக்கும் உள்ளுறை வெப்பம் இதுதான். அவ்வளவு ஆற்றலைச் செலவழிப்பதற்குப் பதில், நாய் சில விநாடிகள் சிலுப்பிப் பெரும்பகுதி நீரை உதறிவிடுகிறது.

சிலுப்பும்படி உடலுக்குச் சொல்வது யார்? 2024-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜின்டி ஆய்வுக்கூடம் இதற்கு விடை கண்டது. எலிகளின் கழுத்தில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்த்தபோது, தோலில் உள்ள ஒரு வகை நுண்ணிய தொடு நரம்புகளே அந்தச் செய்தியைத் தண்டுவடத்துக்கு அனுப்புவது தெரிய வந்தது. அந்த நரம்புகள் தொடுகையை உணர்வது பீசோ2 என்ற புரதத்தின் உதவியால். பீசோ புரதங்களைக் கண்டறிந்ததற்காகத்தான் ஆர்டெம் பட்டபூட்டியன் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிலுப்பிய பிறகும் கொஞ்சம் ஈரம் மிஞ்சும். நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே குட்டி நாய், வயதான நாய், நோயுற்ற நாய் ஆகியவற்றை ஈரத்தோடு காற்றில் விடாதீர்கள். துண்டால் துடைத்து விடுங்கள். தொங்கும் காது உள்ள நாய் என்றால் காதின் உட்புறத்தையும் மெதுவாகத் துடையுங்கள்; அங்கே ஈரம் தங்கினால் ஈஸ்ட் கிருமி பெருகிச் சீழ் வைக்கலாம்.

இடி கேட்டால் நடை இல்லை

உலகில் இடி அதிகம் முழங்கும் இடங்களில் நம் பள்ளத்தாக்கும் ஒன்று. குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமழை அதிகம். மின்னலைப் பார்த்ததும் விநாடிகளை எண்ணுங்கள். ஒலி 1 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். மரத்தடியும் திடலில் உள்ள திறந்த கொட்டகையும் பாதுகாப்பான இடங்கள் அல்ல.

இந்த ஆபத்து நம்மைவிட நாய்க்கு ஒரு விதத்தில் அதிகம். மின்னல் தரையில் இறங்கும்போது மின்னோட்டம் நாலாபுறமும் பரவுகிறது. விழுந்த இடத்திலிருந்து தூரம் போகப் போக மின்னழுத்தம் குறையும். ஆகவே நம் இரண்டு பாதங்களுக்கு இடையே ஒரு மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். நாலு கால் விலங்குக்கு முன்காலும் பின்காலும் தள்ளி இருப்பதால் அந்த வேறுபாடு பெரிது. மின்னோட்டம் நெஞ்சு வழியாகவும் பாயும். 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டாங்கர் மேட்டுநிலத்தில் ஒரே இடியுடன் கூடிய மழையில் 323 பனிமான்கள் மாண்டது இப்படித்தான்.

தேங்கிய நீரில் கண்ணுக்குத் தெரியாத எதிரி

2021 டிசம்பர் 18-ஐ நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின. தன்னார்வலர்கள் மனிதர்களோடு நாய், பூனைகளையும் படகில் மீட்டார்கள். அத்தகைய வெள்ளம் வடிந்த பிறகும் ஓர் ஆபத்து மிஞ்சியிருக்கும். அதுதான் எலிச் சிறுநீர் நோய். மலாயில் கென்சிங் தீக்குஸ்.

லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவ பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் வாழ்ந்து, சிறுநீரோடு வெளியேறுகிறது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் அது பல வாரம் உயிரோடு இருக்கும். தோலில் உள்ள சிறு காயம், கண், வாய், மூக்கு வழியாக நம் உடலுக்குள் நுழையும். நாய்க்கும் இந்த நோய் வரும். நோயுற்ற நாயின் சிறுநீர் வழியாக வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவலாம். மலேசியாவில் 2010 முதல் இந்நோயைச் சுகாதாரத் துறையிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

இதைத் தடுக்கும் வழிகள் எளியவை. நாயை லோங்காங் ஓரத்திலும் தேங்கிய நீரிலும் நடக்க விடாதீர்கள். அந்த நீரைக் குடிக்கவும் விடாதீர்கள். காலில் காயம் இருந்தால் மூடிக்கொண்டு, மூடிய காலணி அணியுங்கள். வீடு திரும்பியதும் நாயின் பாதங்களையும் உங்கள் கைகால்களையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நாய்களுக்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசி உண்டு. கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ள நீரில் நடந்த சில நாள்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு தோன்றினால், மருத்துவரிடம் "வெள்ள நீரில் நடந்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் குணப்படுத்தலாம்.

பக்கத்து வீட்டாரையும் நினையுங்கள்

பல இனத்தவரும் அடுத்தடுத்து வாழும் தாமான்கள் நம்முடையவை. நாயின் ஈரம் தங்கள் மீது படாமல் பார்த்துக்கொள்வது முஸ்லிம் அண்டை வீட்டாருக்குச் சமயக் கடமை; பட்டுவிட்டால் ஏழு முறை கழுவித் தூய்மை செய்ய வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். மேலே படித்த சிலுப்பலை நினைத்துப் பாருங்கள்: நீர்த்துளிகள் வெகுதூரம் தெறிக்கும். ஆகவே மாடிப்படி, நடைபாதை, பொதுக் குழாயடிக்கு வருவதற்கு முன்பே, ஆளில்லாத இடத்தில் நாயைச் சிலுப்ப விடுங்கள். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து நடங்கள். இங்கே அறிவியலும் நல்ல பழக்கமும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன.

செய்து பாருங்கள்

அடுத்த முறை உங்கள் நாயைக் குளிப்பாட்டும்போது, கைப்பேசியில் மெதுவியக்கக் காணொளி எடுங்கள். பல கைப்பேசிகள் விநாடிக்கு 240 படங்கள் பதிவு செய்யும். நாயின் முதுகு ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் போய், மீண்டும் தொடங்கிய நிலைக்கு வர எத்தனை படங்கள் ஆகின்றன என்று எண்ணுங்கள். 240-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். 27 கிலோ நாய்க்கு 56 படங்கள் வந்தால் விநாடிக்கு 4.3 முறை. 7 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 41 படங்கள், அதாவது விநாடிக்கு 5.8 முறை வர வேண்டும். உங்கள் நாயின் எடையையும் அதிர்வெண்ணையும் நண்பர்களின் நாய்களோடு ஒப்பிட்டு ஒரு வரைபடம் வரையுங்கள். கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

காணொளி எடுப்பவர் மட்டும் கொஞ்சம் தள்ளியே நிற்கட்டும்!