புகைக்குள் பார்க்கும் கண்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15, மாலை நேரம். பாரிஸ் நகரில் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. கூரையைத் தாங்கியவை பல நூற்றாண்டுகள் பழமையான ஓக் மர உத்தரங்கள். இரவு எட்டு மணிக்குச் சற்று முன்பு நடுவிலிருந்த கூர்கோபுரம் முறிந்து, கல் வளைவைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது.

உள்ளே நின்றால் தீயணைப்பு வீரர்களின் உயிருக்கு ஆபத்து. வெளியேறினாலோ தீயை அணைக்க ஆளில்லை. என்ன செய்வது? வீரர்களை வெளியேற்றிவிட்டு, 'கொலோசஸ்' என்ற ரோபோவை உள்ளே அனுப்பினார்கள். சங்கிலிப் பட்டைகளின் மேல் ஊர்ந்து சென்று அது தண்ணீரைப் பீய்ச்சியது. தொலைவில் நின்ற வீரர் ஒருவர் அதை இயக்கினார்.

இந்த ரோபோவின் எடை சுமார் 500 கிலோ. இவ்வளவு எடை எதற்கு? நியூட்டனின் மூன்றாம் விதியை நினைத்துப் பாருங்கள். நீர் முன்னே பாயும்போது குழாய் பின்னே தள்ளப்படுகிறது. நிமிடத்துக்கு 2,000 லிட்டர் நீர், விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 33 கிலோ நீர். 33ஐ 30ஆல் பெருக்கினால், பின்னோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 1,000 நியூட்டன். 100 கிலோ மூட்டையைத் தூக்குவதற்கு வேண்டிய விசை இது! தனி ஆள் இதைத் தாங்க முடியுமா? கனமான ரோபோ அசையாமல் தாங்கும்.

தீயணைப்பு வீரருக்கு இன்னொரு பகை உண்டு. அது புகை. அடர்ந்த புகையில் நீட்டிய கைகூடத் தெரியாது. மயங்கிக் கிடப்பவரைத் தடவித்தான் தேட வேண்டும். இங்கே உதவுவது வெப்பப் படக்கருவி.

உள்ளங்கையைக் கன்னத்தில் படாமல் அருகே கொண்டு செல்லுங்கள். இளஞ்சூடு தெரிகிறதல்லவா? உங்கள் உடல் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுவதும் அதற்கு ஒரு காரணம். எல்லாப் பொருள்களும் அவற்றை வெளியிடுகின்றன. சூடு கூடக்கூட அதிகமாக வெளியிடுகின்றன.

அந்தக் கதிர்களைப் புகை மறைக்காதா? கடற்கரையில் நட்ட மெல்லிய கழியைப் பாருங்கள். சிற்றலைகள் அதில் மோதிச் சிதறும். பேரலையோ கழி இருப்பதையே பொருட்படுத்தாமல் கடந்து போகும். புகைத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. நாம் காணும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. ஆகவே அது சிதறிவிடுகிறது. வெப்பப் படக்கருவி பயன்படுத்தும் கதிர்களின் அலைநீளமோ 8 முதல் 14 மைக்ரோமீட்டர். அவற்றில் பெரும்பகுதி புகையைக் கடந்து வந்துவிடும். கருவியின் திரையில் தீயின் மையம் பளிச்சென்று தெரியும். தரையில் விழுந்து கிடப்பவரின் உருவமும் தெரியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! இக்கதிர்கள் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவுவதில்லை. அதனால்தான் இக்கருவியின் லென்சை ஜெர்மானியத்தால் செய்கிறார்கள். மூடிய கண்ணாடி ஜன்னலை நோக்கிக் கருவியைப் பிடித்தால், அறைக்குள் இருப்பவர் தெரியமாட்டார். பிடித்திருப்பவரின் பிம்பமே தெரியும். இதை அறியாத வீரர், ஜன்னலுக்கு அப்பால் காத்திருக்கும் ஓர் உயிரைத் தவறவிடக்கூடும். கருவி எதைக் காட்டாது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அன்றிரவு நோத்ர தாமின் வடக்கு மணிக்கோபுரத்துக்கும் தீ பரவியது. மணிகளைத் தாங்கும் மரச்சட்டம் எரிந்து மணிகள் விழுந்தால் கோபுரமே சரியக்கூடும். அங்கே குறுகிய படிகளில் ஏறித் தீயை அடக்கியவர்கள் வீரர்கள்தாம். கோபுரம் நிலைத்தது, ஓர் உயிர்கூடப் போகவில்லை. ரோபோ செய்யக்கூடிய வேலையை ரோபோவிடம் விட்டதால், மனிதர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு மனிதர்கள் இருந்தார்கள்.